மூண்டதா, மூட்டியதா?

தீயைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால், வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே வழக்கின் தீர்ப்பையும் எழுதிவிடுகிறோம். 'தீப்பிடித்தது' என்று சொன்னால் குற்றவாளி என்று எவரும் இல்லை. 'தீ வைத்தார்கள்' என்று சொன்னால் குற்றம் உறுதியாகிவிட்டது, ஆள் யார் என்பது மட்டும்தான் பாக்கி. 1980-களின் நடுவில் ஓர் ஐப்பசி இரவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போர் எரிந்தபோது, என் அப்பா வாசலுக்கு ஓடிவந்து கத்திய முதல் சொற்கள் 'வச்சுட்டானுவோ' என்பதுதான். போர் எரிந்துகொண்டிருக்கிறது என்பதை முழுதாகப் பார்ப்பதற்கு முன்பே அந்த வினைச்சொல் வந்துவிட்டது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் எங்கள் குடும்பம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே வாழ்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இரண்டு வீட்டுக் கொல்லைகளுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி, இரண்டு பேரின் வயல்களுக்கும் ஒரே வாய்க்கால், அந்த வாய்க்காலில் யாருக்கு எப்போது முறை என்பதில் ஓயாத சண்டை. அந்த ஆண்டு குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது. நெல்லை எப்படியோ அடித்துக் கரையேற்றிவிட்டார்கள், வைக்கோல்தான் களத்தில் நனைந்து கிடந்தது. இரண்டு நாள் வெயில் முகம் காட்டியதும், மறுபடி மழை பிடித்துக்கொள்ளுமோ என்ற அவசரத்தில், மேலே மட்டும் காய்ந்திருந்த வைக்கோலை அள்ளிவந்து இறுக்கிப் போர் போட்டார்கள். நான்கு வாரம் போல் கழிந்திருக்கும். போர் எரிந்தது.

விடிந்ததும் சாட்சியும் கிடைத்தது. முதல் நாள் அந்தி சாயும் நேரத்தில் பெரியப்பா வேலியைத் தாண்டி வந்து எங்கள் போரின் பக்கவாட்டில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றதைத் தெருவில் போன ஒருவர் பார்த்திருந்தார். மாரியம்மன் கோயில் திண்ணையில் ஊர்ப் பெரியவர்கள் கூடி விசாரித்தபோது பெரியப்பா அதை மறுக்கவில்லை. "போர்லேருந்து ஆவி வந்துச்சு. கைய விட்டுப் பாத்தேன், சுட்டுச்சு. கொஞ்சம் புடுங்கிப் போட்டுட்டுப் பாத்தேன்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்ததாக அப்பா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். தீப்பிடிக்காத போர் எப்படிச் சுடும்? அடைமழைக் காலத்து வைக்கோல் எப்படிச் சுடும்? நெருப்பைக் கையோடு கொண்டுவந்தவனுக்குத்தானே சூடு தெரிந்திருக்கும்? பெரியப்பாவைக் குற்றவாளியாக்கியது சாட்சி சொன்னவரின் வாய் அல்ல, அவருடைய சொந்த வாய்தான். அந்த வருடத் திருக்கார்த்திகையில், பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி இடித்துத் துணியில் முடிந்து மாவளி சுற்ற, நானும் பெரியப்பா மகனும் முதன்முறையாகத் தனித்தனியே நின்றோம்.

அடுப்படி

அந்தத் திண்ணைக் கூட்டத்துக்கு வராத, வந்திருந்தாலும் எவரும் கேட்டிருக்காத ஒரு நிபுணர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் அப்பாயி. போர் எரிவதற்கு ஒரு வாரம் முன்பு, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனவர் திரும்பிவந்து, "போரு வேகுது, பாகு முறுகுற வாசன வருது" என்று சொன்னார். வேகுது என்ற சொல்லை நான் வெகுகாலம் ஒரு கிழவியின் பேச்சலங்காரமாகவே நினைத்திருந்தேன். அவரோ அலங்காரமாக எதையும் பேசுகிற ஆள் அல்ல.

நெருப்பைப் பற்றி நான் பின்னால் கல்லூரியில் படித்த எதுவும் அவருடைய அடுப்படியில் இல்லாதது இல்லை. நெல் அவிக்கும் நாட்களில் அண்டாவுக்குக் கீழே எரியும் அடுப்பின் முன் உட்கார்ந்து, கூடையிலிருந்து உமியைப் பிடி பிடியாக அள்ளி வீசுவார். வீசும் ஒவ்வொரு முறையும் குப்பென்று சுவாலை எழுந்து அடங்கும். அதே உமியை வேறொரு நாள் பழைய எண்ணெய் டின்னில், நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, பக்கவாட்டு ஓட்டையில் ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் குத்திக் குத்தி இறுக்குவார். பாட்டிலையும் கட்டையையும் உருவிவிட்டுக் கீழே நெருப்புக் காட்டினால், அந்த உமி அடுப்பு சுவாலையே அதிகம் இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஒரே உமி, ஒரே எடை; வீசினால் ஒரு நொடி, இறுக்கினால் ஒரு பொழுது. எரிபொருள் எது என்பதைவிட, அதைக் காற்று எப்படிச் சென்று சேர்கிறது என்பதே நெருப்பின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாக நடத்த முடியாது.

உமியைப் பற்றி இங்கே இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை, டெல்டாக்காரனுக்கு அந்த உரிமை உண்டு. 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். மரக்கட்டையின் சாம்பல் பெரும்பாலும் அதன் எடையில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் தேறும். உமியில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சக் காரணம், நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கும் சிலிக்கா, அதாவது மணலின் பொருள். கரிமப்பொருள் எரிந்துபோன பிறகும் இந்தச் சிலிக்கா எலும்புக்கூடு போல் உமியின் வடிவத்திலேயே நின்று, உள்ளே மிஞ்சிய கரியைக் காற்றுக்குக் காட்டாமல் மூடிக்கொள்கிறது. உமி எளிதில் வெண்சாம்பலாகாமல் கறுத்து நின்றுவிடுவது இதனால்தான். அந்தக் கறுப்பைத்தான் உமிக்கரி என்று காலையில் பல் துலக்கினோம்.

இன்னொன்று. அப்பாயி காலையில் ஊதாங்குழலை எடுத்துச் சாம்பலுக்குள் ஊதினால் தணல் சிவந்து பற்றும். அதே வாயால் மாடத்து விளக்கை ஊதினால் அணைந்துவிடும். விளக்கை அணைக்கும் காற்று அடுப்பை ஏன் மூட்டுகிறது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "வெளக்கு வெளியில எரியுது, தணலு உள்ள எரியுது" என்பது. பிற்காலத்தில் ஒரு வேதியியல் ஆசிரியனாக இதே கேள்வியை மாணவர்களிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இதைவிடத் தெளிவான பதில் வந்ததில்லை. விளக்கில் எரிவது திரி அல்ல, எண்ணெயும் அல்ல. சூட்டில் எண்ணெயிலிருந்து எழும் ஆவி, திரிக்கு வெளியே காற்றோடு கலந்து எரிகிறது. அந்த மெல்லிய ஆவித் திரைக்குச் சேமிப்பு என்று ஒன்றுமில்லை. ஊதினால் ஆவியும் சூடும் ஒருசேரக் கலைந்துபோகின்றன. தணலில் ஆவியெல்லாம் போய் வெறும் கரிதான் மிச்சம். ஆக்சிஜன் அதன் மேற்பரப்புக்கே சென்று வினைபுரிகிறது, சூடு கரியின் உடம்பில் தேங்கி நிற்கிறது. அங்கே காற்று குளிரையும் கொண்டுவருகிறது, ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. தணல் போதுமான அளவு சூடாக இருந்தால் இரண்டாவதுதான் வெல்லும்.

இரவில் அடுப்பை மூடும்போது அவர் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. தணலை நடுவில் குவித்துச் சாம்பலால் போர்த்துவார். சாம்பல் காற்றைக் கொஞ்சமாக உள்ளே விடும், சூட்டைக் கொஞ்சமாக வெளியே விடும். உண்டாகும் சூடும் இழக்கும் சூடும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டி விடியும்வரை தணல் உயிரோடு இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்பதை அரசியல் மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்கு அதன் பொருள் தேய்ந்துவிட்டது. அது ஓர் அடுப்படி உத்தியின் பெயர். தீக்குச்சியைச் சிக்கனமாகச் செலவழித்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்த வெப்பக் கணக்கு.

கரும்பலகையில் ஒரு முக்கோணம்

தீ முக்கோணத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ இல்லை. பாடம் நடத்தும்போது, திடப்பொருள் நேரடியாகச் சுவாலையாவதில்லை என்பதைக் காட்ட ஒரு மெழுகுவர்த்தியை அணைத்து, திரியிலிருந்து எழும் வெண்புகையில் எரியும் குச்சியை நீட்டுவேன். திரியைத் தொடாமலே நெருப்பு அந்தப் புகைவழியே தாவி இறங்கித் திரியில் உட்கார்ந்துகொள்ளும். லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக நிகழ்த்திய மெழுகுவர்த்தி உரைகளில் காட்டியவற்றுள் இதுவும் ஒன்று. வகுப்பு ஆர்ப்பரிக்கும், நானும் பெருமையோடு அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

இப்போது யோசித்தால், அந்த முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தில் வெப்பம் என்று எழுதிவிட்டு நான் எப்போதும் ஒரு தீக்குச்சியின் படத்தை வரைந்துவந்திருக்கிறேன். வெப்பம் வெளியிலிருந்து வரவேண்டும், அதைக் கொண்டுவர ஒரு கை வேண்டும். நான் நடத்திய பாடமும் கோயில் திண்ணையில் வந்த தீர்ப்பும் ஒரே அனுமானத்தின் மேல்தான் நின்றன. தமிழ் இந்த விஷயத்தில் என்னைவிடக் கவனமாக இருந்திருக்கிறது. மூட்டுவது ஒருவர் செய்வது, மூள்வது தானாக நிகழ்வது. ஒரே வேரில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். பகையும் போரும் மூளும் என்று எழுதுகிறோம், அந்தச் சொல் நெருப்பினுடையது என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

அப்பாவின் சந்தேகத்தை வெறும் மூடத்தனமாகவும் நான் பார்க்கவில்லை. இந்த மண்ணில் தீ வைக்கப்பட்டிருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அத்தனை பேரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை அறிந்து வளர்ந்த தலைமுறை கொல்லையில் நெருப்பைக் கண்டதும் கையைத் தேடியதில் வியப்பில்லை. வைக்கப்படாத தீயும் இங்கே போதுமான அளவு கண்டிருக்கிறோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் தொடங்கிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. காய்ந்த கீற்று என்பது அப்பாயி வீசிய உமியைப் போன்றது. மெல்லியது, எல்லாப் பக்கமும் காற்றுப் படுவது. சூடான வாயுக்கள் மேலே எழும்பிக் கூரையின் அடியிலேயே பரவுவதால், தீ வருவதற்கு முன்பே அடுத்த கீற்று ஆவி விடத் தொடங்கியிருக்கும். அன்று நான் வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு அந்த மெழுகுவர்த்திச் சோதனையைச் செய்து காட்டப் பல ஆண்டுகள் கை வரவில்லை.

கை

சில ஆண்டுகளுக்கு முன், மறுபடியும் ஒரு குறுவை, மறுபடியும் மழை. இப்போது அரிவாளும் இல்லை, களமும் இல்லை. அறுவடை இயந்திரம் நெல்லைத் தனியே கொட்டிவிட்டு வைக்கோலை வயலிலேயே வரிசையாக விட்டுப்போகிறது, பின்னால் கட்டு கட்டும் இயந்திரம் வந்து அதை உருளை உருளையாகச் சுருட்டிப் போடுகிறது. போர் போடத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு மூன்று கிழவர்கள்தான் மிச்சம். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி, ஈரம் முழுதும் காயாத வைக்கோலைக் கட்டுகளாக்கிக் கொல்லைக் கொட்டகையில் கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்த நான் அதிகாலையில் பல் துலக்கிக்கொண்டே கொல்லைக்கு வந்தேன். அடுக்கின் மேலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. பனியாக இருக்கும் என்று எண்ணிக் கிட்டப் போனபோது அந்த வாசனை வந்தது. வெல்லப்பாகு ஒரு நிமிடம் அதிகமாக அடுப்பில் இருந்துவிட்டால் வருமே, அந்த முறுகல் வாசனை.

இரண்டு கட்டுகளுக்கு நடுவே கையை நுழைத்தேன். மணிக்கட்டு வரை குளுமை, அதற்கு மேல் ஈர வெதுவெதுப்பு. முழங்கை வரை போனதும் சுரீரென்றது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இழுத்த கையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிலையில், நான் எந்த இடத்தில், எந்தக் கோலத்தில் நிற்கிறேன் என்பது உறைத்தது. தெருவில் போகிற எவரும் அப்போது என்னைப் பார்த்திருக்கலாம். 'கைய விட்டுப் பாத்தேன், சுட்டுச்சு' என்ற வாக்கியம் நாற்பது ஆண்டுத் தொலைவிலிருந்து அப்படியே, எழுத்துப் பிசகாமல் வந்தது. ஊரே சிரித்த அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நடந்தது என்ன என்பதை நான் எளிதில் சொல்லிவிட முடியும். அந்தச் சுலபம்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஈர வைக்கோலில் பாக்டீரியாவும் பூஞ்சைகளும் பெருகுகின்றன. அவை வைக்கோலைத் தின்று, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அதைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றி, வெப்பத்தை விடுகின்றன. தீ செய்வதும் இதே வேலைதான். ஒரு கிலோ வைக்கோல் முழுதாக எரிந்தாலும், முழுதாக மட்கிக் கரியமில வாயுவாகவும் நீராகவும் போனாலும், வெளிவரும் வெப்பம் ஒன்றே, ஏறத்தாழ 14 மெகாஜூல். வயலில் பரந்து கிடக்கும் வைக்கோல் மட்கும்போது அந்தச் சூடு உண்டாக உண்டாகக் காற்றோடு போய்விடுகிறது, நாம் அறிவதே இல்லை. போராகக் குவித்தால் கணக்கு மாறுகிறது. போரின் நீள, அகல, உயரங்களை இரட்டிப்பாக்கினால் வெப்பத்தை உண்டாக்கும் வைக்கோல் எட்டு மடங்காகும், வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். போதாக்குறைக்கு, வைக்கோல் சூட்டை எளிதில் கடத்தாத பொருள். மாம்பழத்தைப் பழுக்க வைக்கவும் ஐஸ் கட்டியைப் பொதியவும் அதை நாம் தேடுவது அதனால்தான். அப்பாயியின் தணலுக்குச் சாம்பல் செய்ததை, போரின் வெளி வைக்கோல் உள் வைக்கோலுக்குச் செய்கிறது.

நுண்ணுயிர்களால் சுமார் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடேற்ற முடியும். அதற்கு மேல் அவையே அந்தச் சூட்டில் வெந்து மடிந்துவிடும். அப்படி மடிந்ததும் எல்லாம் ஆறிவிட வேண்டும் என்று தோன்றும், பெரும்பாலான போர்களில் ஆறியும் விடுகிறது. சிலவற்றில் மட்டும், அந்தச் சூட்டில் வைக்கோலும் ஆக்சிஜனும் நுண்ணுயிரின் தயவு இல்லாமலே நேரடியாக வினைபுரியத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் வினை அது. சூடு வேகத்தைக் கூட்டும், வேகம் சூட்டைக் கூட்டும். ஈரம் நடுவிலிருந்து ஆவியாகி வெளி அடுக்குகளில் குளிர்ந்து படியும், விடியற்காலையில் புகைபோல் தெரிவது அதுதான். நடுப்பகுதி வறண்டு, பழுத்து, கறுத்து, கடைசியில் சுவாலை இல்லாமல் கனலத் தொடங்கும். போர் போட்ட இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் இது பெரும்பாலும் நிகழும். எங்கள் போருக்கு நான்கு வாரம். வேகுது என்று அப்பாயி சொன்னது வெந்துகொண்டுதான் இருந்தது.

அந்த இரவைப் பற்றி எனக்கு நினைவிருந்த, ஆனால் எதனோடும் பொருந்தாமல் கிடந்த சில விவரங்கள் அப்போது தாமாக இடம் தேடி உட்கார்ந்தன. போரின் உச்சி எரியாமலே நடுவில் குழிந்து அமிழ்ந்திருந்தது. வெளியிலிருந்து தீ வைத்திருந்தால் மேல் வைக்கோல்தான் முதலில் போயிருக்கும், ஆனால் மறுநாள் இழுத்துப் போட்டதில் வெளி வைக்கோல் பல இடங்களில் மஞ்சள் மாறாமல் இருந்தது, உள்ளே கரி. குளத்திலிருந்து குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் போரின் சரிவில் வழிந்தோடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. மழைநீர் இறங்கக் கூடாதென்று நேர்த்தியாகக் கட்டிய போர் ஆயிற்றே. மூன்று நாள் புகைந்தது.

ஆற்றுதல்

கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெரியப்பா குற்றமற்றவர், அறிவியல் சாட்சி சொல்லிவிட்டது, காலம் கடந்தாலும் நீதி. தம்பியிடம் அன்று காலையிலேயே இதைத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா சொன்னதன் கடைசிப் பகுதி தொண்டையில் சிக்கியது. 'கொஞ்சம் புடுங்கிப் போட்டுட்டுப் பாத்தேன்.'

உள்ளே கனலும் போருக்குப் பற்றாக்குறை ஒன்றே ஒன்றுதான், காற்று. வெப்பம் அங்கே தேவைக்கு மேல் இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, எரியக்கூடிய வாயுக்கள்கூடச் சுரந்து தேங்கியிருக்கின்றன. அந்த நிலையில் போரின் பக்கவாட்டில் ஒரு துளை விழுந்தால், ஊதாங்குழலைத் தணலுக்கு நேரே வைத்தது போல் ஆகும். சுவாலை பக்கவாட்டிலிருந்துதான் கிளம்பியது என்று அம்மா எப்போதும் சொல்வார், அது பெரியப்பா கைவிட்ட இடம் என்பதைத்தான் எல்லோரும் பெரிய ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆதாரம் சரியானதுதான். பெரியப்பா தீ வைக்கவில்லை. ஆனால் அவர் கையை விடாமல் போயிருந்தால் அந்தப் போர் அன்றிரவே எரிந்திருக்குமா, இன்னும் ஒரு வாரம் புழுங்கிவிட்டு எரிந்திருக்குமா, எரியாமலே ஆறிப்போயிருக்குமா என்பதற்கு எந்தப் பாடப்புத்தகமும் பதில் சொல்லாது. மூண்டதா, மூட்டியதா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு வினைச்சொல் இப்போதும் இல்லை.

அவர் 2009-இல் இறந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கட்டை அடுக்கி, வறட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே களிமண்ணைக் குழைத்து மெழுகி, காற்றுக்குச் சில ஓட்டைகளை மட்டும் விட்டுத் தீ மூட்டினார்கள். இரவு முழுவதும் ஆரவாரமில்லாமல் உள்ளுக்குள்ளேயே எரிந்து முடியும் தீ அது. எந்த அளவுக்கு மெழுகினால் எந்த வேகத்தில் எரியும் என்பதை மயானத்தில் வேலை பார்த்தவர் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். அப்பா சுடுகாட்டுக்குள் வரவில்லை, ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் காடாற்றப் போனபோதும் வரவில்லை. ஆற்றுவது என்றால் சூட்டைத் தணிப்பதுதான். விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிர வை என்று சொல்ல வேண்டும் என்று அப்பாயி எங்களைத் திருத்துவார்; மங்கலத்துக்காகச் சொன்னாரோ, இயற்பியலுக்காகச் சொன்னாரோ, இரண்டுக்கும் அந்தச் சொல் பொருந்துகிறது. அப்பாவும் 2016-இல் போய்ச் சேர்ந்தார், கடைசிவரை 'வச்சுட்டானுவோ'வை மாற்றிக்கொள்ளாமல்.

அன்று கொட்டகையில் அடுக்கியிருந்ததைப் பிரிக்க ஆள் தேவைப்பட்டது. பண்டிகை நாளில் எவரும் கிடைக்கவில்லை. தம்பி தயங்கித் தயங்கி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். கிளுவை போய் இப்போது கம்பிவேலி. பெரியப்பா மகனோடு எங்களுக்குச் சண்டை என்று சொல்வதற்கில்லை, கல்யாணம் கருமாதிக்குப் பத்திரிகை வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தலைமுறை மாறியிருந்தது. ஆனால் ஒருவர் கொல்லைக்குள் இன்னொருவர் கால் வைத்ததில்லை. நான்தான் போய்க் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொட்டகைக்கு வந்ததும் தம்பி ஆர்வத்தில் மேல் கட்டை இழுக்கக் கை நீட்டினான். அண்ணன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மொதல்ல மோட்டாரப் போட்டு ஓஸ இழுத்துட்டு வா. தண்ணி கைல இல்லாம சுடுற போரத் தொறக்கக் கூடாது, காத்து பட்டா குப்புன்னு புடிச்சுக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், அடுக்கின் மேல் எழும் ஆவியைப் பார்த்தபடி, "அப்பா எப்பவும் சொல்லுவாரு" என்றார்.

நான் மோட்டாரைப் போடப் போனேன்.